பெருவிரல் நகமும் கத்தரிக்கோலும்

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் ஏறி உறுத்தத் தொடங்கியதும் நம் இல்லங்களில் முதலில் தேடப்படுவது கத்தரிக்கோலே. மூலையை ஆழமாக வெட்டியெடுத்ததும் வலி தணிகிறது. ஆனால், உள்ளே எஞ்சிய கூர்முனை, நகம் வளர வளர, முள்ளெனச் சதையில் பாய்கிறது. மீண்டும் கத்தரிக்கோல்! இறுக்கமான காலணியும் இதற்குத் துணைபோகிறது. நுனியின் நடுவே பிளவு வெட்டினால் ஓரங்கள் விலகிவிடும் என்பாரும் உண்டு. நகம் வளர்வது வேரிலிருந்தே ஆதலால் இதனால் பயனில்லை.

தொடக்க நிலையில், வெதுவெதுப்பான நீரில் நாளுக்கு மூன்று நான்கு முறை, 10 முதல் 20 நிமிடம்வரை பாதத்தை ஊறவைத்து, ஈரம் போகத் துடைக்கவும். நக ஓரத்தின் அடியில் சிறு பஞ்சுத் திரியை மெல்லச் செருகி, நாள்தோறும் மாற்றவும். நகத்தை நேர்க்கோடாகவே வெட்டவேண்டும். பொறுமையும் வேண்டும், பெருவிரல் நகம் முழுவதும் புதிதாய் வளர ஓராண்டுக்கு மேலாகும்.

சீழ் பிடித்தாலோ, சிவப்பு பரவினாலோ மருத்துவரிடம் செல்லத் தயங்கலாகாது. குத்தும் முனை உள்ளேயிருக்க, மாத்திரை மட்டும் விழுங்கினால் நோய் நீங்காது. மருத்துவர் விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தின் ஓரப்பகுதியை மட்டும் நீக்கி, அதன் வேரில் பீனால் தடவுவார். கார்பாலிக் அமிலம் என்று பெரியோர் அறிந்த பொருளே அது. அவ்வோரம் பெரும்பாலும் மீண்டும் முளைப்பதில்லை. அன்றே வீடு திரும்பலாம்.

நீரிழிவு உள்ளோர்க்கு மேற்கூறிய வீட்டு வைத்தியம் பொருந்தாது. அவர்களுள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். நீரின் சூடும் தெரியாது, நகம் குத்துவதும் தெரியாது. வலியில்லை என்று வாளாவிருக்கும் பெரியவரின் விரல்களை வீட்டிலுள்ள இளையோர் நாள்தோறும் பார்த்து, சிவப்போ கசிவோ கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.