கப்பலில் சாக்லேட் ஒயின் தேடுபவர்களுக்கு

க்ரூஸ் கப்பலில் இரவுச் சாப்பாடு முடிந்து, சாக்லேட் கேக் மேசைக்கு வந்ததும் சிலர் ஒயின் பட்டியலைப் புரட்டி "இதில் சாக்லேட் ஒயின் எங்கே இருக்கு?" என்று தேடுவார்கள். அந்தப் பெயரில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஆனால் சாக்லேட்டுக்குப் பொருந்துகிற ஒயின் அதே பட்டியலில், வழக்கமாகக் கடைசிப் பக்கத்தில், வேறு பெயரில் இருக்கும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வந்தேன். போகப் போக ஒயினை விடக் கப்பல்தான் சுவாரசியமாகிவிட்டது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சாக்லேட் ஒயின் என்று இரண்டு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, சிவப்பு ஒயினோடு சாக்லேட்டும் க்ரீமும் கலந்து பாட்டிலில் வருவது. சாக்கோவைன் என்ற பிராண்ட் இந்த வகை. இன்னொன்று, சாக்லேட் சேர்க்காத, ஆனால் சாக்லேட்டோடு குடிக்கத் தோதான இனிப்பு ஒயின்.

கலந்து குடிப்பது புதுசு என்று நினைக்க வேண்டாம். ஹன்னா வூலி 1670-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் சிவப்பு ஒயினைக் காய்ச்சி, சாக்லேட்டைச் சீவிப் போட்டு, முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்க்கும் குறிப்பு இருக்கிறது. 1723-ல் ஜான் நாட் எழுதிய சமையல் அகராதியில் ஷெர்ரி அல்லது சிவப்பு போர்ட் ஒயினில் சாக்லேட்டைக் கரைக்கச் சொல்கிறார். முந்நூறு வருஷத்துக்கு முன்பே போர்ட்டும் சாக்லேட்டும் ஜோடி சேர்ந்தாயிற்று.

சரி, சாதாரண சிவப்பு ஒயின் ஏன் ஒத்து வராது? ஜாங்கிரி சாப்பிட்ட கையோடு காபி குடித்துப் பாருங்கள். சர்க்கரை போட்ட காபிகூட கசக்கும். அதே கதைதான். இனிப்புக்குப் பிறகு டிரை ஒயின் இன்னும் புளிப்பாக, துவர்ப்பாகத் தெரியும். அதனால் விதி எளிமையானது: தட்டில் இருப்பதை விடக் கிளாஸில் இருப்பது கொஞ்சமாவது அதிகம் இனிக்க வேண்டும்.

அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது? இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரையைத் தின்றால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். 240 கிராம் இருந்து அத்தனையும் தின்று தீர்த்தால் 14 சதவீதம், இனிப்பு மிஞ்சாது. மிஞ்ச வைக்க இரண்டு வழி.

முதல் வழி, ஈஸ்ட்டால் தின்று முடிக்க முடியாத அளவுக்குச் சர்க்கரையைக் கூட்டுவது. திராட்சையை வெயிலில் காய வைக்கலாம் (ஸ்பெயினின் பெட்ரோ ஹிமேனெஸ்), கொடியிலேயே உறைய விடலாம் (கனடாவின் ஐஸ் ஒயின்), ஒரு வகைப் பூஞ்சை தண்ணீரை உறிஞ்ச விடலாம் (பிரான்ஸின் சோட்டெர்ன்).

இரண்டாவது வழி, ஈஸ்ட்டை நடுவிலேயே நிறுத்துவது. பாதி சர்க்கரை மிச்சமிருக்கும்போது திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றினால் ஆல்கஹால் 20 சதவீதத்தை நெருங்கும், ஈஸ்ட் செத்துவிடும். போர்ட், பிரான்ஸின் பன்யுல்ஸ், இனிப்பு மதீரா எல்லாம் இப்படித்தான்.

இந்த ஸ்பிரிட் சேர்க்கும் பழக்கம் வளர்ந்ததில் கப்பலுக்குப் பெரிய பங்கு உண்டு. மாசக்கணக்கில் கடலில் ஆடிக்கொண்டு போகும் பீப்பாயில் சாதாரண ஒயின் கெட்டுவிடும். ஸ்பிரிட் சேர்த்தது தாங்கும். மதீரா தீவின் ஒயின் இன்னும் ஒரு படி மேலே போனது. வெப்ப மண்டலக் கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த பீப்பாய்களில் ஒயின் கெடவில்லை, ருசி கூடியிருந்தது. அதற்கு 'வின்யோ த ரோடா', அதாவது சுற்றி வந்த ஒயின், என்றே பெயர். பிறகு கப்பலில் கிடைத்த சூட்டைத் தீவிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள்; இன்றும் ஒரு வகை மதீராவை 45 முதல் 50 டிகிரியில் குறைந்தது மூன்று மாதம் சூடாக்குகிறார்கள். நம்ம மதராஸ் கோட்டையில் இருந்த கம்பெனி அதிகாரிகள் குடித்ததும் இப்படிக் கடல் தாண்டி வந்த மதீராதான்.

இந்தப் பழைய கதை இன்றைக்கும் நம் பர்ஸுக்கு உதவும். கப்பலில் இனிப்பு ஒயினைக் கிளாஸ் கணக்கில் கேட்பவர்கள் குறைவு. திறந்த பாட்டில் நாள் கணக்கில் நிற்கும். சோட்டெர்ன் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கலாம். பீப்பாயில் பழுத்த டானி போர்ட் சில வாரம் தாங்கும். மதீரா மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். காற்றும் சூடும் அதற்குப் பழகிப்போனவை.

எங்கே தேடுவது?

1. டெசர்ட் மெனுவின் அடிப்பகுதி. போர்ட், ஐஸ் ஒயின் பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

2. ஒயின் பார். ராயல் கரீபியன் கப்பல்களில் வின்டேஜஸ், பிரின்சஸ் கப்பல்களில் வைன்ஸ் என்று தனி பார்களே உண்டு.

3. தனிக் கட்டணம் வாங்கும் ரெஸ்டாரன்ட்கள். அங்கே ஒயின் தெரிந்த ஆள் இருப்பார், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

4. உங்கள் பெட்டி. ஏறும் நாளில் ஆளுக்கு ஒரு 750 மில்லி ஒயின் பாட்டிலை அனுமதிக்கும் கம்பெனிகள் உண்டு. விதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், படித்துவிட்டு எடுத்துப் போங்கள். கப்பல் கடையில் வாங்கினால் பாட்டிலைப் பெரும்பாலும் கடைசி நாள்தான் கையில் கொடுப்பார்கள்.

நாற்பதைத் தாண்டிய என் போன்றவர்களுக்கு ஒரு கணக்கு. இனிப்பு ஒயினை 75 மில்லி அளவில் ஊற்றுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை உள்ள போர்ட் என்றால் கிளாஸில் 7.5 கிராம், சுமார் இரண்டு டீஸ்பூன். பெட்ரோ ஹிமேனெஸ் ஷெர்ரிக்குச் சட்டப்படி குறைந்தது 212 கிராம். அதாவது கிளாஸுக்கு 16 கிராம், நாலு டீஸ்பூன். இது கேக்கில் இருக்கும் சர்க்கரைக்கு மேலே. சுகர் உள்ளவர்கள் கேக்கா ஒயினா என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆல்கஹால் பற்றி டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே "சாக்லேட் ஒயின் இருக்கா?" என்று கேட்டு 'இல்லை' என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். "டானி போர்ட்டோ இனிப்பு மதீராவோ கிளாஸில் கிடைக்குமா? பாட்டில் என்றைக்குத் திறந்தது?" என்று கேளுங்கள். கப்பல் ஃபுஞ்சாலிலோ மலாகாவிலோ நின்றால் இறங்கி ஊருக்குள்ளேயே ருசி பாருங்கள். இந்த ஒயின்களில் பல துறைமுகத்தின் பெயரையே சுமப்பது தற்செயல் இல்லை. கப்பல் ஏற்றுவதற்காகவே வளர்ந்த சரக்கு அது.