முந்த எத்தனை மீட்டர் வேண்டும்?

நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. முன்னால் ஓர் அரசுப் பேருந்து மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது. காரில் வரும் நீங்கள் 80-இல் அதை முந்தப் பார்க்கிறீர்கள். வேக வித்தியாசம் 20 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். பேருந்தின் நீளம் 12 மீட்டர், காருக்கு 4, விலகும்போதும் திரும்பச் சேரும்போதும் விட வேண்டிய இடைவெளி தலா 20. ஆக, பேருந்தைவிட 56 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். அதற்குப் பத்து நொடி பிடிக்கும். அதற்குள் உங்கள் கார் 220 மீட்டர் போயிருக்கும்; எதிரே 80-இல் வரும் லாரியும் அதே 220 மீட்டர் உங்களை நெருங்கியிருக்கும்.

சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர்களும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். இந்திய சாலை காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, 80 கிலோமீட்டர் வேகத்துக்கான சாலையில் பாதுகாப்பாக முந்த 470 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 100 என்றால் 640. அவ்வளவு தொலைவில் வண்டி ஒரு பொட்டாகத்தான் தெரியும். அது மெதுவாக வருகிறதா, பறந்து வருகிறதா என்று கண் சொல்லாது. ‘போயிடலாம்’ என்ற கணிப்பு பிசகுவது இங்கேதான்.

சட்டமும் பார்வையைத்தான் முதலில் கேட்கிறது. வளைவு, மேட்டின் உச்சி என எதிர்ச்சாலை மறையும் எந்த இடத்திலும் முந்தக் கூடாது. பின்னால் வருபவர் ஏற்கெனவே உங்களை முந்தத் தொடங்கிவிட்டால் நீங்கள் விலகி வெளியே வரக் கூடாது. பொதுவாக வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். முன் வண்டி வலது பக்கம் திரும்ப சைகை காட்டி நடுச்சாலைக்கு நகர்ந்திருந்தால் இடப்பக்கமாகப் போகலாம். சாலை நடுவே விட்டுவிட்டு வரும் கோடு என்றால், எதிர்ச்சாலை காலியாக இருக்கும்போது தாண்டலாம். இரட்டைத் தொடர்கோட்டைத் தாண்டவே கூடாது. ஒன்று தொடர்கோடு, ஒன்று விட்டுவிட்டு வரும் கோடு என்று சேர்ந்திருந்தால், உங்கள் பக்கம் எது இருக்கிறதோ அதுவே உங்களுக்கு விதி.

நான்குவழிச் சாலையில் வேறு தொல்லை. கனரக லாரி வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு நகராது. ஹாரன் அடித்து அலுத்தவர்கள் இடப்பக்கமாகப் பாய்வார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு, இடது கதவையொட்டி வரும் பைக்கோ சிறிய காரோ கண்ணாடியில் தெரியாமலே போகலாம். நீங்கள் பாதி தாண்டும் நேரத்தில்தான் அவருக்கும் இடது தடத்துக்கு மாறலாம் என்று தோன்றும்.

இண்டிகேட்டர் பாஷையையும் முழுசாக நம்ப முடியாது. இடதைப் போட்டால் ‘போ’, வலதைப் போட்டால் ‘வராதே’ என்று சிலர் வைத்திருக்கிறார்கள். வேறு சில லாரிகளில் வலது இண்டிகேட்டரே ‘தாராளமாகப் போ’ என்றாகிவிடும். அவர் நிஜமாகவே வலது பக்கம் திரும்பப் போகிறவராகவும் இருக்கலாம்! 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளில் இதற்கென்றே ஒரு கைசைகை இருந்தது: ஓட்டுநர் வலது கையை வெளியே நீட்டி, அரைவட்டமாக முன்னும் பின்னும் வீசினால் முந்தலாம். ஏசி கேபின் காலத்தில் யார் கையை வெளியே நீட்டுகிறார்கள்? லாரிக்காரர் வழிவிட்டாலும் எதிர்ச்சாலையை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே விலக வேண்டும்.

முந்தப்படுகிறவருக்கும் கடமை உண்டு. பக்கத்தில் ஒரு வண்டி வந்துவிட்ட பிறகு ஆக்சிலேட்டரை அழுத்துவது விதிமீறல். நம் ஊரில் இதை ரோஷம் என்று நினைக்கிறவர்கள் கணிசம்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, விதிக்குப் புறம்பாக முந்துவதை அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மறுபடி சிக்கினால் அபராதம் 10,000. சிறை என்றால் இரண்டாண்டு வரை.

பாதியில் எதிரே வண்டி தெரிந்துவிட்டால்? இன்னும் பேருந்தின் பின்பாதியில்தான் இருக்கிறீர்கள் என்றால், பிரேக் பிடித்துப் பின்வாங்குவதே வழி. அதற்கு விட்டுவந்த இடம் காலியாக இருக்க வேண்டும். உங்கள் வாலைப் பிடித்து வந்த வண்டி அதற்குள் அங்கே புகுந்திருக்கலாம். ஆகவே வெளியே விலகும் முன் கண்ணாடியில் ஒருமுறை பின்னாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.