ராஜீவ் சாமந்த்

ராஜீவ் சாமந்த் இந்தியாவின் வைன் (திராட்சை மது) துறை முன்னோடிகளுள் ஒருவர். மகாராஷ்டிரா மாநிலம் நாசிக் நகருக்கு அருகே அமைந்துள்ள சுலா வைன்யார்ட்ஸ் நிறுவனத்தை நிறுவியவர். இந்தியாவில் சோவினியோன் பிளாங்க், செனின் பிளாங்க் ஆகிய வெள்ளைத் திராட்சை வகைகளை வணிக அளவில் பயிரிட்டு, அவற்றிலிருந்து வெள்ளை வைன் உருவாக்கி வெற்றி கண்டதன் மூலம் பரவலாக அறியப்பட்டார். கலிபோர்னியாவின் சொனோமா பகுதியைச் சேர்ந்த கெர்ரி டாம்ஸ்கி என்னும் வைன் வல்லுநர் தொடக்கம் முதல் இவருக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார்.

இளமைக் காலம்

சாமந்த் மும்பையில் வளர்ந்தவர். ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் பொறியியலும் பயின்ற பின்னர், ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றினார். 1990களின் முற்பகுதியில் அப்பணியை விட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். நாசிக்கின் கங்காபூர் அணை நீர்த்தேக்கத்துக்கு அருகே அவரது குடும்பத்துக்குச் சொந்தமான நிலம் இருந்தது. அங்கு முதலில் மா, தேக்கு, ரோஜா போன்றவற்றையும் பின்னர் உண்பதற்கான திராட்சையையும் பயிரிட்டுப் பார்த்தார். சுற்றுவட்டாரம் முழுவதும் உண்ணும் திராட்சை சிறப்பாக விளைந்தபோதும் வைனுக்கான திராட்சையை எவரும் பயிரிடாதது அவரது கவனத்தை ஈர்த்தது.

சுலா நிறுவனம்

சாமந்த் கலிபோர்னியா சென்று டாம்ஸ்கியைச் சந்தித்தார். நாசிக்கின் மண்ணையும் தட்பவெப்பத்தையும் ஆராய்ந்த பின் இருவரும் வெள்ளை வகைகளுடன் தொடங்குவதென முடிவு செய்தனர். 1990களின் பிற்பகுதியில் கொடிகள் நடப்பட்டன. சாமந்தின் தாயாரின் பெயரான சுலபா என்பதிலிருந்து நிறுவனத்தின் பெயர் உருவானது. வைன் ஆலை 1999 இல் அமைக்கப்பட்டது; முதல் வைன்கள் 2000 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன.

அக்காலத்தில் இந்தியாவில் குறிப்பிடத்தக்க வைன் ஆலைகள் மிகச் சிலவே இருந்தன. சாம்ராவ் சௌகுலே 1980களில் நாராயண்காவ் பகுதியில் தொடங்கிய இந்தேஜ் நிறுவனம் நுரைக்கும் வைனுக்குப் பெயர் பெற்றிருந்தது. கன்வல் குரோவர் 1988 இல் பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் நிறுவிய குரோவர் வைன்யார்ட்ஸ், பிரெஞ்சு வல்லுநர் மிசேல் ரோலானின் ஆலோசனையுடன் சிவப்பு வைனில் கவனம் செலுத்தியது. வெப்பமான நாட்டில் புத்துணர்ச்சி மிக்க வெள்ளை வைன் சாத்தியமா என்ற கேள்விக்கு அப்போது தெளிவான விடை இல்லை.

வெப்ப நாட்டில் வெள்ளை வைன்: சிக்கல்

சோவினியோன் பிளாங்க், செனின் பிளாங்க் ஆகிய இரண்டும் பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் புகழ்பெற்றவை. அங்கு குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்குகிறது. வெப்ப மண்டலத்தில் இந்த உறக்கம் நிகழ்வதில்லை. கொடி ஆண்டு முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

மற்றொரு சிக்கல் அமிலம் பற்றியது. திராட்சையில் டார்டாரிக் அமிலம், மாலிக் அமிலம் ஆகிய இரண்டும் முதன்மையானவை. வெப்பம் மிகும்போது கனி தன் சுவாசத்தில் மாலிக் அமிலத்தை விரைவாகச் செலவிட்டுவிடுகிறது. அதே வேளையில் சர்க்கரையோ விரைந்து ஏறுகிறது. இவ்வாறு பழுத்த கனியிலிருந்து பெறும் வெள்ளை வைன், புளிப்பின்றிச் சப்பென்றும் மதுச்செறிவு மிகுந்தும் இருக்கும். சிவப்பு வைனில் தோலிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்துக்கள் இக்குறையை ஓரளவு மறைத்துவிடும். தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க வைக்கும் வெள்ளை வைனில் மறைக்க எதுவும் இல்லை.

தோட்ட முறை

நாசிக் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. குளிர்கால இரவுகள் அங்கு நன்கு குளிர்ந்திருக்கும். இதைப் பயன்படுத்தும் வகையில் மகாராஷ்டிரத் திராட்சை விவசாயிகள் ஆண்டுக்கு இரு முறை கவாத்து செய்கின்றனர். ஏப்ரல் மாத அளவில் செய்யப்படும் முதல் கவாத்து கிளைகளை உருவாக்குவதற்கானது. மழைக்காலம் முடியும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யப்படும் இரண்டாவது கவாத்து காய்ப்புக்கானது. இதனால் கனிகள் மழையில்லாத குளிர்ந்த மாதங்களில் முதிர்கின்றன. அறுவடை சனவரி முதல் மார்ச் வரை நடைபெறும். ஐரோப்பாவில் அறுவடை பொதுவாக ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நடைபெறுவது ஒப்பிடத்தக்கது.

உண்ணும் திராட்சைக்குப் பெரிய மணிகளும் மிகுந்த விளைச்சலும் தேவை. வைன் திராட்சைக்கு இதற்கு மாறாகச் சிறிய மணிகளும் மட்டுப்படுத்தப்பட்ட விளைச்சலும் தேவை. எனவே சுலா நிறுவனத்துக்காகப் பயிரிட முன்வந்த விவசாயிகள், பழகிய முறையைக் கைவிட்டுக் குறைந்த எடையை ஏற்க வேண்டியிருந்தது. மேலும் வைன் திராட்சையைச் சந்தையில் உண்ணும் பழமாக விற்க இயலாது. ஆலை வாங்காவிட்டால் முழு விளைச்சலும் வீணாகிவிடும். இந்த இடரைக் குறைக்க நிறுவனம் விவசாயிகளுடன் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது.

வைன் ஆக்கும் முறை

வெள்ளை வைன் ஆக்கத்தில் குளிர்ச்சியும் காற்றுப் படாமையும் இன்றியமையாதவை. செயல்முறை பின்வருமாறு அமையும்:

1. கனிகள் வெயில் ஏறுமுன் கையால் பறிக்கப்பட்டு உடனே ஆலைக்குக் கொண்டு செல்லப்படுகின்றன.
2. காம்புகள் நீக்கப்பட்டு, கனிகள் மென்மையாகப் பிழியப்படுகின்றன. அழுத்தம் மிகுந்தால் தோல், விதை ஆகியவற்றின் கசப்பு சாற்றில் இறங்கிவிடும்.
3. சாறு குளிர்ந்த கலத்தில் வைக்கப்பட்டு, வண்டல் அடியில் படிந்த பின் தெளிவு மட்டும் பிரிக்கப்படுகிறது.
4. தேர்ந்த மதுவம் (ஈஸ்ட்) சேர்க்கப்பட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கலங்களில் ஏறத்தாழ 12 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் சாறு மெதுவாக நொதிக்க வைக்கப்படுகிறது.
5. நொதித்தல் முடிந்ததும் வைன் தெளிவிக்கப்பட்டு, குளிரூட்டப்பட்டு, வடிகட்டிப் புட்டிகளில் அடைக்கப்படுகிறது.

நொதித்தலின்போது சர்க்கரை மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாறுவதுடன் வெப்பமும் வெளிப்படுகிறது. லிட்டருக்கு 17 கிராம் அளவிலான சர்க்கரை 1 விழுக்காடு மதுசாரத்தைத் தரும். எனவே லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாறு 12 விழுக்காட்டை அண்மித்த மதுசாரம் கொண்ட வைனாகும். வெப்பம் கட்டுப்படுத்தப்படாவிட்டால் நறுமணப் பொருட்கள் வாயுவுடன் ஆவியாகிச் சென்றுவிடும். இதனாலேயே சாமந்தும் டாம்ஸ்கியும் குளிரூட்டப்பட்ட எஃகுக் கலங்களில் தொடக்கத்திலேயே பெருமளவு முதலிட்டனர்.

சோவினியோன் பிளாங்க் புல், பச்சை மிளகாய், கொய்யா போன்றவற்றை நினைவூட்டும் மணம் உடையது. இம்மணம் இளமையிலேயே சிறந்திருக்கும். ஆகவே ஓக் மரப் பீப்பாய்களில் நீண்டகாலம் வைக்காமல் விரைவாகப் புட்டியில் அடைக்கப்படுகிறது. செனின் பிளாங்க் இயல்பிலேயே புளிப்பு மிகுந்தது. அதில் சிறிதளவு சர்க்கரை எஞ்சியிருக்கும் நிலையில் நொதித்தல் நிறுத்தப்படுகிறது. இந்த மென்மையான இனிப்பு காரமான இந்திய உணவுக்குப் பொருந்தியதுடன், வைனுக்குப் புதியவர்களையும் ஈர்த்தது. தக்கைக்குப் பதிலாகத் திருகு மூடியைப் பயன்படுத்தியதும் குறிப்பிடத்தக்கது. தக்கையால் ஏற்படும் கெட்ட வாடை இதனால் தவிர்க்கப்பட்டது. பின்னாளில் ரீஸ்லிங், வியோனியே ஆகிய வெள்ளை வைன்களும், புட்டியிலேயே இரண்டாம் முறை நொதிக்கும் நுரை வைனும் உருவாக்கப்பட்டன.

அரசுக் கொள்கையும் சந்தையும்

மகாராஷ்டிரா அரசு 2001 இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கான கொள்கையை அறிவித்து வரிச் சலுகைகள் வழங்கியது. இதையடுத்து நாசிக் பகுதியில் பல சிறு ஆலைகள் தோன்றின. 2008 ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியும், அவ்வாண்டு நவம்பரில் நிகழ்ந்த மும்பைத் தாக்குதலுக்குப் பின் சுற்றுலா குறைந்ததும் இத்துறையைக் கடுமையாகப் பாதித்தன. பல ஆலைகள் கொள்முதலை நிறுத்தின. இந்தேஜ் நிறுவனம் கடன்சுமையால் சரிந்தது. வாங்குவோர் இன்றி விவசாயிகள் சிலர் வைன் கொடிகளை வெட்டிவிட்டு மீண்டும் உண்ணும் திராட்சைக்குத் திரும்பினர்.

சுலா இந்நெருக்கடியைத் தாண்டியது. 2005 இல் தோட்டத்திலேயே தொடங்கப்பட்ட சுவையகமும், 2008 முதல் நடத்தப்பட்ட சுலாபெஸ்ட் இசை விழாவும் நாசிக்கை ஒரு சுற்றுலாத் தலமாக்கின. 2022 டிசம்பரில் நிறுவனத்தின் பங்குகள் இந்தியப் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்டன.

தமிழகச் சூழல்

நாசிக்கைப் போலவே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கும், அதற்குத் தெற்கே தென்காசி மாவட்டத்தின் சிவகிரியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கத்தில் அமைந்தவை. எனினும் மழைக்காலம் வேறுபடுகிறது. நாசிக்கில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் நீண்ட வறண்ட குளிர்காலம் வருகிறது. சிவகிரி வட்டாரத்திலோ காய்ப்புக் கவாத்துக்கு உரிய அதே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. பூக்கும் பருவத்து ஈரம் பூஞ்சை நோய்களுக்கு இடமளிக்கும். சிவகிரியை அடுத்த புளியங்குடி எலுமிச்சைக்கே பெயர் பெற்றது. கம்பத்தில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் கருந்திராட்சை வகை. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற இது பெரும்பாலும் உண்பதற்கே விற்கப்படுகிறது. மேலும் தமிழ்நாட்டில் 2003 முதல் மதுபானச் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம் உள்ளது. மது தொடர்பான சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதால், நாசிக் முறையை அப்படியே பிற இடங்களில் பின்பற்ற இயலாது.

மதிப்பீடு

இந்திய வெள்ளை வைனுக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது சாமந்தின் முதன்மைப் பங்களிப்பாகக் கருதப்படுகிறது. பருவத்தைக் கவாத்தின் மூலம் மாற்றியமைக்கும் உள்ளூர் விவசாயிகளின் அறிவும், குளிர் நொதித்தல் என்னும் புதிய தொழில்நுட்பமும் இணைந்ததே இவ்வெற்றிக்கு அடிப்படையாகும். புவி வெப்பமடைதலால் ஐரோப்பியத் தோட்டங்களிலும் கனிகள் முன்னதாகப் பழுத்து அமிலம் குறைந்துவரும் நிலையில், வெப்ப நாட்டில் புளிப்பைக் காக்கும் இம்முயற்சிகள் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.