உங்களுக்குத் தெரியுமா? கல்லுக்கு 25 ஷில்லிங்கில் பெட்டி!

லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. அதை அவர் எழுதத் தொடங்கியது 1660இல். அதற்கு முன்பே, 1658 மார்ச் 26 அன்று, தன் 25ஆம் வயதில், சிறுநீர்ப்பையில் இருந்த கல்லை அறுத்து எடுக்கச் செய்தார். மயக்க மருந்து வர இன்னும் கிட்டத்தட்ட 190 ஆண்டுகள் இருந்தன! கை கால்களைக் கட்டிப்போட்டு, கீழ்ப்பகுதியைக் கீறி, இடுக்கியால் கல்லை இழுப்பார்கள். வேகம்தான் மருத்துவரின் திறமை. வெளியே வந்த கல் டென்னிஸ் பந்து அளவு இருந்ததாம்.

பிழைத்த பீப்ஸ், ஆண்டுதோறும் அந்த நாளில் விருந்து வைக்க முடிவு செய்தார். 1664இல் கல்லை வைக்க ஒரு பெட்டிக்கும் ஆர்டர் கொடுத்தார். விலை 25 ஷில்லிங். கல்லுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்!

1669இல் அந்தக் கல் வேறொரு வேலைக்கும் உதவியது. நண்பர் ஜான் ஈவ்லினின் தம்பி ரிச்சர்டுக்கும் கல் தொல்லை. அவருக்குத் தைரியம் சொல்ல, தன் கல்லையே கொண்டுபோய்க் காட்டினார் பீப்ஸ். ரிச்சர்ட் அறுவைக்கு இணங்கவில்லை. மறு ஆண்டே இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது கிடைத்த கல், ஜாதிக்காயைவிட அதிகம் பெரிதாக இல்லை. பீப்ஸோ 70 வயதுவரை வாழ்ந்தார்.