சுருள்முடிக்கு ஷாம்பு இல்லாமல் பராமரிப்பு: பாட்டி வைத்தியத்தில் எது சரி, எது தவறு?

காலை ஆறு மணி. பள்ளிப் பேருந்து வருவதற்குள் தலைவாரி முடிக்க வேண்டும். அம்மா சீப்பை உச்சந்தலையில் வைத்து இழுக்கிறார். பிள்ளை "வலிக்குதும்மா" என்று கழுத்தைச் சாய்க்கிறாள். சீப்பில் ஒரு கொத்து முடி. "இது என்ன முடியோ, யாரைக் கொண்டு பிறந்ததோ" என்ற அலுப்பு வேறு. சுருள்முடிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், தோட்டமானாலும் பட்டணமானாலும், இது பழகிப்போன காட்சி.

இந்த அலுப்பைக் கேட்டே வளரும் பெண், பதினைந்து பதினாறு வயதில் தன் முடியை நீட்டிவிடும்படி கேட்கிறாள். 'ரிபோண்டிங்' என்று நூற்றுக்கணக்கான ரிங்கிட் செலவாகிறது. ஆனால் வேரிலிருந்து வளரும் புதுமுடி மறுபடியும் சுருண்டுதான் வரும். சில மாதங்களில் மேலே சுருள், கீழே நேர் என்று இரண்டும் கெட்டானாக நிற்கும். மறுபடியும் செலவு, மறுபடியும் இரசாயனம்.

உண்மையில் சுருள்முடியில் எந்தக் குறையும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அதைக் கழுவும் முறையும் வாரும் முறையும் நேர்முடிக்கு உரியவை. அதுதான் சிக்கல். ஷாம்பு இல்லாமலேயே சுருள்முடியைச் சுத்தமாகவும் மென்மையாகவும் வைத்திருக்க முடியும். அதற்கான பொருள்கள் பல வீடுகளில் சமையலறையிலும் வாசலிலும் ஏற்கனவே இருக்கின்றன.

சுருள்முடி ஏன் வறண்டு போகிறது?

முடி சுருள்வதும் நேராக நிற்பதும் வேர்க்குழியின் வடிவத்தால் அமைகிறது. வேர்க்குழி நேராக இருந்தால் முடி நேராக வரும். வளைந்திருந்தால் முடி சுருண்டு வரும். நேர்முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சுருள்முடி நீள்வட்டமாக, சற்றுத் தட்டையாக இருக்கும்.

தலைத்தோலில் இயற்கையாகவே எண்ணெய் சுரக்கிறது. நேர்முடியில் அந்த எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருள்முடியில் ஒவ்வொரு வளைவையும் தாண்ட வேண்டியிருப்பதால் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால்தான் தலைத்தோல் பிசுபிசுப்பாகவும் நுனி வைக்கோல் போலவும் இருக்கிறது. வளைவு உள்ள இடங்களில் முடி பலவீனமாக இருப்பதால், சீப்பை இழுத்தால் அங்கேதான் அறுகிறது.

நம் ஊர்ப் புழுக்கமும் இதில் சேர்கிறது. காற்றில் உள்ள ஈரம் முடிக்குள் புகுந்து, அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய பிணைப்புகளைக் கலைக்கிறது. வறண்ட முடி இந்த ஈரத்தை இங்கொன்றும் அங்கொன்றுமாக உறிஞ்சுவதால் சுருள் கலைந்து உப்பி நிற்கிறது. அதைப் 'பரட்டை' என்கிறார்கள். தலை அழுக்காக இருக்கிறது என்று நினைத்து இன்னும் ஷாம்பு போடுகிறார்கள். முடி மேலும் வறள்கிறது.

ஷாம்பு என்ன செய்கிறது?

செயற்கை நுரைப்பொருளைக் கொண்ட ஷாம்பு கடைகளுக்கு வந்தது 1930களில்தான். அதற்கு முன்பும் மக்கள் தலைகுளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 'ஷாம்பு' என்ற சொல்லே இந்தியாவிலிருந்து போனது. பிடித்துவிடுதல், அமுக்கிவிடுதல் என்ற பொருள் கொண்ட இந்திச் சொல் அது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது 1814ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் திறந்தபோது, அங்கே 'ஷாம்பு' என்றது உடம்பு பிடித்துவிடுவதைத்தான்.

இன்றைய ஷாம்பு பலவற்றில் சோடியம் லாரில் சல்பேட் அல்லது அதன் வகையைச் சேர்ந்த நுரைப்பொருள் இருக்கிறது. இது எண்ணெயையும் அழுக்கையும் நன்றாகவே எடுக்கும். ஆனால் எது அழுக்கு, எது முடிக்கு வேண்டிய எண்ணெய் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எண்ணெய் வேகமாக இறங்கும் நேர்முடி ஓரிரு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். சுருள்முடிக்கு அது முடிவதில்லை.

ஷாம்பு ஒரு விஷமும் அல்ல. அடிக்கடி போடும்போது சுருள்முடிக்கு அது அளவுக்கு மீறிப் போகிறது, அவ்வளவுதான்.

ஷாம்புக்குப் பதில் எவை?

சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை மூன்றிலும் 'சப்போனின்' எனப்படும் இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. சீயக்காய் ஒரு கொடியின் காய். அரப்பு என்பது உசிலமரத்து இலையை உலர்த்தி இடித்த பொடி. பூந்திக்கொட்டையின் தோலை ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். இவற்றில் நுரை குறைவு. எண்ணெயையும் முழுதாகத் துடைத்து எடுப்பதில்லை. சுருள்முடிக்கு அதுவே நல்லது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், பினாங்கு, சிங்கப்பூர் தேக்கா போன்ற இடங்களில் உள்ள நம்மவர் மளிகைக் கடைகளில் இவை பொடியாகவே கிடைக்கின்றன.

ஆனால் சீயக்காயை மட்டும் கெட்டியாகக் கரைத்துத் தேய்த்தால் அதுவும் முடியை வறளச் செய்யும். அதனால்தான் அந்தக் காலத்தில் வடித்த கஞ்சியில் கரைத்தார்கள். வெந்தயம், செம்பருத்தி இலை ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தார்கள். ஊறிய வெந்தயத்திலும் செம்பருத்தி இலையிலும் வழுவழுப்பான பசை இருக்கிறது. அது முடியிழைகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிவிடும். இன்று பாட்டிலில் விற்கும் கண்டிஷனரின் வேலையில் ஒரு பகுதியை இது செய்துவிடும். செம்பருத்திக்காக யாரும் அலைய வேண்டியதில்லை. 1960ஆம் ஆண்டு மலேசியாவின் தேசிய மலரான பூங்கா ராயாதான் அது. லயன் வீட்டு வேலியிலும் தாமான் வீட்டு வாசலிலும் பூத்துக் கிடக்கிறது. சாலையோரச் செடியாக இருந்தால் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். வீட்டுச் செடியில் பறிப்பதே பாதுகாப்பு.

தேங்காய் எண்ணெய்க்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003ஆம் ஆண்டு வெளியானது. கழுவும்போதும் வாரும்போதும் முடி இழக்கும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது என்று அது காட்டியது. அதில் உள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக் கூடியது. தலை முழுகுவதற்கு முன்பு எண்ணெய் வைக்கும் நம் வழக்கம் சரியானதே.

வாரம் ஒரு முறை, இப்படி

தோள் அளவு முடிக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் போதும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இளஞ்சூடாக்கித் தடவ வேண்டும். உச்சந்தலையில் ஊற்றி வழியவிடும் பழக்கம் சுருள்முடிக்கு ஒத்துவராது. நடுவிலிருந்து நுனிவரை நன்றாகத் தடவி, தலைத்தோலுக்கு விரல்நுனியில் ஒட்டியிருக்கும் எண்ணெயை மட்டும் தேய்த்தால் போதும். எண்ணெய் அதிகமானால் சீயக்காய்க்கு அதை எடுக்கும் வலு இருக்காது.

எண்ணெய் ஊறும்போதே விரல்களால் சிக்கை எடுத்துவிடலாம். முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் வேர். உச்சியில் தொடங்கினால் எல்லாச் சிக்கும் கீழே ஒன்றாகத் திரண்டு முடிச்சாகிவிடும்.

முதல்நாள் இரவே ஒரு மேசைக்கரண்டி வெந்தயத்தை ஊறவைத்து, காலையில் பத்துப் பன்னிரண்டு செம்பருத்தி இலைகளோடு சேர்த்து நைசாக அரைக்க வேண்டும். அதில் பாதியோடு இரண்டு மேசைக்கரண்டி சீயக்காய்ப் பொடியைக் கஞ்சித்தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். கரைசலைத் துணியில் வடிகட்டிக்கொள்வது முக்கியம். வடிகட்டாவிட்டால் திப்பி சுருள்களுக்குள் சிக்கி, இரண்டு நாளைக்குத் தோளில் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கரைசல் தலைத்தோலுக்கு மட்டும். நகம் படாமல் விரல்நுனியால் இரண்டு மூன்று நிமிடம் தேய்க்க வேண்டும். நுனிமுடிக்கு, அலசும்போது வழிந்தோடும் கரைசலே போதும். சீயக்காய் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். பிள்ளைகளுக்குத் தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவிவிட வேண்டும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவ வேண்டும்.

நன்றாக அலசிய பிறகு, மீதிப் பசையை வடிகட்டி முடியின் நீளத்துக்குத் தடவி ஐந்து நிமிடம் விட வேண்டும். முடி ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும் இந்த நேரத்தில்தான் அகன்ற பல் சீப்பால் வார வேண்டும். காய்ந்த சுருள்முடியைச் சீப்பால் வாரவே கூடாது. மேலே சொன்ன காலை நேர அழுகை நிற்க, இந்த ஒரு மாற்றம் பெருமளவு உதவும். பிறகு பசை போகும்வரை அலசிவிட வேண்டும்.

அரைக்க நேரமில்லாதவர்கள் சிலிகோன் இல்லாத கண்டிஷனரை மட்டும் கொண்டு தலைத்தோலைத் தேய்த்துக் கழுவலாம். கண்டிஷனரிலும் இலேசாக அழுக்கெடுக்கும் பொருள் உண்டு.

செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் வேலை செய்பவர்களுக்கும், மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணிந்து போகிறவர்களுக்கும் வாரம் ஒரு முறை போதாது. அவர்கள் இடையில் ஓரிரு நாள் வெறும் தண்ணீரில் தலைத்தோலைத் தேய்த்து அலசலாம். வியர்வை உப்பு தண்ணீரிலேயே கரைந்துவிடும்.

காயவைப்பதில் கவனம்

துண்டால் பரபரவென்று துவட்டினால் சுருள் கலைந்து பிசிறு கிளம்பும். பழைய பருத்திச் சட்டை அல்லது பழைய வேட்டித் துணியால் முடியைக் கீழிருந்து மேலாகக் கசக்காமல் அமுக்கி, தண்ணீரை எடுக்க வேண்டும். பிறகு காயும்வரை கை வைக்கக் கூடாது. ஈரத்தோடு கொண்டை போட்டால் நம் புழுக்கத்துக்கு வாடை வரும். தலைத்தோலும் அரிக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைகுளிக்க வைத்து, இரவில் தளர்வாகப் பின்னிவிட்டால் மறுநாள் காலையில் வேலை குறையும்.

செய்யக் கூடாதவை

ஷாம்பு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் சிலர் குளியல் சவர்க்காரத்துக்கு மாறுகிறார்கள். அது ஷாம்புவைவிட மோசம். தலைத்தோல் இலேசான அமிலத்தன்மை உடையது. சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அது முடியின் மேற்செதில்களை விரியச் செய்து சொரசொரப்பாக்கும். ரொட்டிச் சோடாவும் அப்படியே. எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீர் கலக்காமல் தேய்ப்பதும் ஆபத்து. சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுத்துவிடலாம்.

முடி நீட்டும் இரசாயனங்களில் சில, சூடுபடும்போது பார்மால்டிஹைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. பதின்ம வயதுப் பிள்ளையை அனுப்புமுன் பெற்றோர், எந்த மருந்து போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஷாம்பு தேவைப்படும் நேரம்

பொடுகு இருப்பவர்களுக்கு இந்த முறை முழுதாகப் பொருந்தாது. பொடுகோடு தொடர்புடைய ஒரு வகைப் பூஞ்சை, தலையில் உள்ள எண்ணெயை உண்டு வாழ்கிறது. இரவெல்லாம் எண்ணெய் ஊறவைத்தால் பொடுகு கூடலாம். கீட்டோகோனசோல், சிங்க் பைரிதியோன் கலந்த ஷாம்புகள் அதற்கான மருந்து. அவற்றைக் குறிப்பிட்ட நாள்கள் பயன்படுத்திவிட்டு மறுபடியும் சீயக்காய்க்குத் திரும்பலாம். வட்டமாக முடி கொட்டினாலோ, தலைத்தோலில் சீழ், செதில், நிற்காத அரிப்பு இருந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போவதே சரி.

ஷாம்புவை நிறுத்தினால் கொஞ்ச நாளில் எண்ணெய்ச் சுரப்பு தானாகவே குறைந்துவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பிப் பல வாரம் அழுக்குத் தலையோடு காத்திருக்க வேண்டியதில்லை. சுரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை உடலின் ஹார்மோன்கள். மூன்று நான்கு முறை கழுவியும் தலை பிசுபிசுவென்று இருந்தால், வைக்கும் எண்ணெயைக் குறைக்கலாம் அல்லது மாதம் ஒரு முறை மென்மையான ஷாம்பு போட்டுக்கொள்ளலாம். அதில் தவறில்லை.

தொடங்குவதற்குப் பள்ளி விடுமுறை நல்ல நேரம். காலை அவசரம் இருக்காது. பிள்ளையையே இலை பறித்துவரச் சொல்லி, விரலால் சிக்கெடுக்கப் பழக்கிவிடலாம். பெரும்பாலான வீடுகளில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பாட்டிக்கோ அதே சுருள் இருந்திருக்கும். முடி காய்ந்து சுருள் சுருளாக விழும்போது "பாட்டி முடி அப்படியே வந்திருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால், "யாரைக் கொண்டு பிறந்ததோ" என்று கேட்டுக் கேட்டுச் சலித்த பிள்ளைக்குப் பதில் கிடைத்துவிடும்.