மினிமம் டியூ என்பது தவணை இல்லை



கிரெடிட் கார்டு இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. பெரும்பாலும் கணவர் பெயரிலோ, வேலைக்குப் போகும் மகன் பெயரிலோ இருக்கும். மாதாமாதம் வரும் பில்லில் இரண்டு தொகை போட்டிருப்பார்கள். ஒன்று மொத்த பாக்கி. இன்னொன்று 'மினிமம் டியூ', அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை. "டியூ சரியாத்தான் கட்டிட்டு வர்றோம், கடன் மட்டும் குறையவே மாட்டேங்குது" என்ற பேச்சை நாம் கேட்கிறோம்.

குழப்பம் அந்த 'டியூ' என்ற வார்த்தையிலேயே இருக்கிறது. வண்டிக்கு 24 டியூ என்றால், 24 கட்டியதும் கடன் முடிந்துவிடும். மினிமம் டியூவுக்கு அப்படி ஒரு எண்ணிக்கை கிடையாது. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, பணம் கட்டத் தவறியவர் என்ற பெயர் வராது. அவ்வளவுதான். மீதிப் பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

சுமாராக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாக்கி 20,000 ரூபாய். பல கார்டுகளில் மினிமம் டியூ பாக்கியில் 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய். அதைக் கட்டியாச்சு, மீதி 19,000. வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 665 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு, அது ஒரு 120 ரூபாய். அடுத்த பில்லில் பாக்கி 19,785. கட்டியது ஆயிரம், குறைந்தது 215!

கார்டில் புதிதாக எதுவுமே வாங்காமல் ஒரு வருஷம் இப்படியே கட்டினால், சுமார் 11,300 ரூபாய் கட்டியிருப்போம். பாக்கி இன்னமும் 17,500 ரூபாய்க்கு மேல் நிற்கும். பாக்கி குறையக் குறைய மினிமம் டியூவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பார்க்க சலுகை மாதிரி தெரியும், ஆனால் கடன் இழுத்துக்கொண்டு போவதே அதனால்தான். இதே கடனுக்கு மாதம் 2,000 என்று நாமே முடிவு செய்து கட்டினால் 13வது மாதம் முடிந்துவிடும். மொத்தம் கட்டுவது சுமார் 25,000 ரூபாய். நம் குழுவில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு உள்கடன் வாங்கி, அசல் மாதம் 2,000 வீதம் 10 மாதத்தில் அடைத்தால் வட்டி மொத்தமே 2,200 ரூபாய்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பொருள் வாங்கினால் இத்தனை நாளைக்கு வட்டி இல்லை என்று சொல்லித்தான் கார்டு தருகிறார்கள். முந்தின பில்லை முழுசாக அடைத்தவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. பாக்கி வைத்துவிட்டால், இன்றைக்கு வாங்குகிற மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டு ரொக்கம் எடுப்பது அதைவிட மோசம். எடுத்த நாள் முதல் வட்டி, தனியாக ஒரு கட்டணமும் உண்டு.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீளும், வட்டிக்கு வட்டி ஏறும் என்று பில்லிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட வழிமுறைகளில் இருக்கிறது. பொடி எழுத்து என்று விட்டுவிடாமல், பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கார்டு கடனை அடைக்க உறுப்பினர் உள்கடன் கேட்டால் தரலாம், அதில் தப்பில்லை. ஆனால் ஊக்குநரும் பிரதிநிதியும் முதலில் பில்லை வாங்கிப் பார்க்க வேண்டும். பணம் நேராக கார்டு கணக்கில் கட்டப்பட்டதா என்று ரசீது பார்க்க வேண்டும். அதன் பிறகும் கார்டை உரசிக்கொண்டே இருந்தால் குழுக் கடன் ஒரு பக்கம், கார்டு கடன் ஒரு பக்கம் என்று இரண்டாகிவிடும். அப்புறம் சந்தா கட்டவே கை வராது. அதனால் கார்டை ரத்து செய்ய எழுதிக் கொடுப்பதையும் தீர்மான நோட்டில் சேர்த்துக்கொள்வோம். பாக்கி முழுவதும் கட்டிய பின் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் கார்டை மூடித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் நமக்குத் தர வேண்டும் என்பதும் அதே 2022 வழிமுறைகளில் உள்ளதுதான்.