வீட்டுப் பிள்ளையும் ஓட்டுப் பெட்டியும்

2019 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நீதிக் குழுவில், பாலின அடையாளத்தை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சமத்துவச் சட்ட மசோதா விவாதத்துக்கு வந்தது. சியாட்டில் உறுப்பினர் பிரமிளா ஜெயபால் பேசினார். சென்னையில் பிறந்து, 16 வயதில் படிக்க அமெரிக்கா போனவர். இதைச் சொல்ல நினைத்து வரவில்லை என்று ஆரம்பித்து, தன் 22 வயதுப் பிள்ளை ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காதவர் என்றார். அதைத் தாயிடம் சொன்ன பிறகு, விரும்பிய உடையை உடுத்தும் சுதந்திரம் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த மகிழ்ச்சியைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

அமெரிக்க வேட்பாளரின் துண்டறிக்கையில் மனைவி இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள், பல நேரம் நாயும் இருக்கும். (நம் ஊரிலும் பிளெக்ஸ் பேனரில் மகன் நிற்பார், அவர் அடுத்த வேட்பாளர் என்று அதற்குப் பொருள்.) குடும்பத்தைக் காட்டித்தான் அங்கே ஓட்டுக் கேட்கிறார்கள். அந்தப் படத்தில் ஒரு பிள்ளையை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்தால், அதைப் பொய் என்று எந்த வழக்கிலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

2015 பிப்ரவரியில் கலிஃபோர்னியா உறுப்பினர் மைக் ஹோண்டா, தன் பேத்தி திருநங்கை என்பதையும் அதில் தனக்குள்ள பெருமையையும் ட்விட்டரில் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காகக் கைக்குழந்தையாக முகாமில் அடைக்கப்பட்டவர் இந்தத் தாத்தா. மறு ஆண்டு மயாமியின் இலியானா ராஸ்-லேட்டினன் கணவரோடும், திருநம்பியான மகனோடும் ஒரு விளம்பரப் படத்தில் வந்தார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். கியூப வம்சாவளி வாக்காளர்கள் நிறைந்த தொகுதி. அந்த நவம்பரில் அவர் ஜெயித்தார், ஹோண்டா தோற்றார். ஹோண்டாவின் தோல்விக்குக் காரணம் வேறு: சொந்தக் கட்சியிலேயே ரோ கன்னா என்ற இளைஞர் எதிர்த்து நின்றார், அலுவலக ஊழியர்களைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியதாக நெறிமுறை விசாரணையும் ஓடிக்கொண்டிருந்தது. வெளிப்படையாகப் பேசினால் இத்தனை ஓட்டு போகும், இத்தனை வரும் என்று கணக்குப் போட நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு முடிவுகளும் உதவாது.

நெப்ராஸ்காவில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த மாநிலத்துக்கு ஒரே அவை, 49 செனட்டர்கள். 2023இல் 19 வயதுக்குக் கீழுள்ள திருநர்களுக்கான மருத்துவச் சிகிச்சையைக் கட்டுப்படுத்தும் மசோதா வந்தபோது மகேலா கவனா என்ற செனட்டர், மற்ற மசோதாக்கள் எதுவும் நகர முடியாதபடி வாரக்கணக்கில் பேசியே அவையை இழுத்தடித்தார். அவரோடு நின்றவர் ஓமஹாவைச் சேர்ந்த மேகன் ஹன்ட். மார்ச்சில் ஹன்ட் எழுந்து, தன் மகன் ஒரு திருநம்பி, இந்த மசோதா தன் வீட்டுக்குள் வருகிறது என்ற பொருளில் பேசினார்.

உடனே அவர்மேல் ஒரு புகார். மகனுக்குப் பயன் உண்டு என்பதால் இந்த மசோதாவில் அவருக்குச் சொந்த நலன் இருக்கிறதாம், அதை முறைப்படி அறிவித்திருக்க வேண்டுமாம். விவசாய நிலம் வைத்திருப்பவர் நில வரி மசோதாவுக்குக் கை தூக்கலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிக்கும் தகப்பன் கல்வி மசோதாவில் ஓட்டுப் போடலாம். திருநம்பியைப் பெற்றவள் மட்டும் ஒதுங்கி உட்கார வேண்டுமா? இத்தகைய புகார்களை விசாரிக்கும் மாநில ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. விவாதத்தை முடித்து மசோதாவை நிறைவேற்ற 33 ஓட்டுகள் தேவை. மே மாதம் சரியாக 33 கிடைத்தன. ஹன்ட் ஜனநாயகக் கட்சியை விட்டு விலகினார், ஆனால் செனட்டராகத் தொடர்ந்தார்.

பிள்ளையைச் சாட்சிக்கு அழைக்கும் உரிமை மறுதரப்புக்கும் உண்டு. 2024 தேர்தலில் திருநர்களைக் குறிவைத்த தொலைக்காட்சி விளம்பரங்களுக்குக் குடியரசுக் கட்சித் தரப்பு 20 கோடி டாலருக்கும் மேல் கொட்டியது. கமலா ஹாரிஸ் தோற்றதும் மாசசூசெட்ஸ் உறுப்பினர் சேத் மோல்டன், தனக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், விளையாட்டுத் திடலில் ஆணாகப் பிறந்தவர்கள் அவர்களை இடித்துத் தள்ளுவதை விரும்பவில்லை, ஜனநாயகக் கட்சிக்காரன் இதைச் சொல்லப் பயப்பட வேண்டியிருக்கிறது என்ற பொருளில் பேசினார். அவருடைய பிரசார மேலாளரே பதவி விலகினார். பலர் இதைத் துணிச்சல் என்று பாராட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யூட்டா ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ், குடியரசுக் கட்சிக்காரர், 2022இல் திருநர் மாணவிகள் பெண்கள் அணியில் ஆடுவதைத் தடுக்கும் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அப்போது அவர் சொன்ன கணக்கு: பள்ளி விளையாட்டு வீரர்கள் 75,000 பேர், அவர்களில் திருநர் நான்கு பேர், பெண்கள் அணியில் ஆடுவது ஒரே ஒருவர். சட்டமன்றம் அவரை மீறி மசோதாவை நிறைவேற்றிவிட்டது. தன் கட்சியின் கோபத்தை வாங்கிக்கொண்டு ஓர் எண்ணைச் சொன்னவரைத்தான் நான் வெளிப்படையானவர் என்பேன்.

மோன்டானாவில் நிலைமை தலைகீழ். அங்கே பேச வந்தது பிள்ளை. 2023 மார்ச்சில் ஆளுநர் கிரெக் ஜியான்ஃபோர்டேயின் அலுவலகத்துக்கே அவருடைய பிள்ளை போய், எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார்: திருநர் சிறார்களின் சிகிச்சைக்குத் தடை விதிக்கும் இந்த மசோதாவில் கையெழுத்துப் போடாதீர்கள், இது மனித உரிமை மீறல். பிறகு அதைப் பத்திரிகைக்கும் சொன்னார். அப்பா அடுத்த மாதமே கையெழுத்துப் போட்டார், 2024இல் மறுபடி ஜெயித்தார். வீட்டில் பாசம் இல்லை என்று வெளியில் இருந்து நாம் தீர்ப்பு எழுத முடியாது. பாசமும் சட்டமும் வேறு வேறு கோப்புகளில் இருந்தன என்பது மட்டும் தெரிகிறது.

அதே மசோதாவை எதிர்த்துக் கடுமையாகப் பேசியதற்காகத் திருநங்கையான சட்டமன்ற உறுப்பினர் ஸூயி ஸெஃபைர் அவைக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. வெளியே பெஞ்சில் மடிக்கணினியோடு உட்கார்ந்து ஓட்டுப் போட்டார். ஒரு நாள் காலையில் சில பெண்கள் முன்கூட்டியே வந்து அந்தப் பெஞ்சை நிரப்பிவிட்டார்கள். அவர் பக்கத்துச் சிற்றுண்டிக் கடை மேடையில் கணினியை வைத்து, நின்றபடியே அன்றைய வேலையை முடித்தார். தொகுதி மக்கள் அவரை 2024இல் திரும்ப அனுப்பினார்கள்.

2025 மார்ச்சில் டிராக் (மாற்றுப் பாலின வேடம்) கலைஞர்களின் நிகழ்ச்சிகளைக் குறிவைத்து இன்னொரு மசோதா அதே அவைக்கு வந்தது. ஸெஃபைர் பேசி முடித்ததும் பில்லிங்ஸ் நகரின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஷெர்ரி எஸ்மன் எழுந்தார். ஒரு தாயாகவும் பாட்டியாகவும் பேசுகிறேன், என் பிள்ளைகளை எனக்குச் சரியென்று பட்டபடி வளர்த்தேன், என் பேரப்பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோர் தங்களுக்குச் சரியென்று பட்டபடி வளர்ப்பார்கள் என்ற பொருளில் பேசினார். ஓட்டெடுப்பில் அவர் கட்சியிலிருந்து 13 பேர் அணி மாறினார்கள், மசோதா விழுந்தது.